யாருக்கு எழுதிக் கொடுத்தார்?

எருசலேமில் நான் வாங்கிய முதல் கையொப்பப் புத்தகத்துக்கு 600 ஷெக்கல் கொடுத்தேன். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 12,000 ரூபாய். என் மாத உதவித்தொகையில் கால்வாசி. பேராசிரியர் எப்ஸ்டைன் எழுதிய 'மிஷ்னா பாடத்துக்கு முன்னுரை' என்ற நூல் அது. ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும். ரபீக்கள் என்னும் யூத மத ஆசிரியர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் சொற்கள் ஏட்டுக்கு ஏடு எப்படி மாறின, ஏன் மாறின என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லும் நூல். முன்பக்க வெற்றுத்தாளில் நீல மையில் 'எப்ஸ்டைன்' என்று எழுதியிருந்தது. "ஆசிரியரே போட்ட கையெழுத்து" என்றார் கடைக்காரர். நம்பி வாங்கிவிட்டேன்.

இரண்டு வாரம் அதை அறையிலேயே வைத்துப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டு, பிறகு என் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கையெழுத்தைப் பார்க்கவே இல்லை. நேராகத் தலைப்புப் பக்கத்தைத் திருப்பி, அடியில் இருந்த நான்கு எபிரெய எழுத்துகளைக் காட்டி, "இது எந்த வருடம்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரே கூட்டிக் காட்டினார். தாவ் 400, ஷின் 300, காஃப் 20, தாலேத் 4. மொத்தம் 724. அதோடு 1240-ஐச் சேர்த்தால் 1964. "எப்ஸ்டைன் 1952-ல் இறந்துவிட்டார்" என்றார். முதல் பதிப்பு வந்தது 1948-ல். என் கையில் இருந்தது முதல் பதிப்பும் இல்லை, ஆசிரியர் கையெழுத்தும் இல்லை.

அப்புறம்தான் அவர் கையெழுத்தைப் பார்த்தார். அதற்கு மேலே சிறியதாக ஒரு வரி இருந்ததை நான் கவனித்திருந்தேன்; ஏதோ வாழ்த்து என்று நினைத்திருந்தேன். வாழ்த்து இல்லை, வேதாகமத்தில் 24-ம் சங்கீதத்தின் தொடக்கம். பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது என்று நாம் ஞாயிறுப் பள்ளியில் மனப்பாடம் செய்கிற அதே வசனம். யூதர்கள் தங்கள் புத்தகத்தில் பெயர் எழுதுவதற்கு முன் இதை எழுதுவது பழைய வழக்கம். எல்லாம் கடவுளுடையது, இந்தப் புத்தகம் இப்போதைக்கு என்னிடம் இருக்கிறது என்று பொருள். அதாவது அது புத்தகத்தை வைத்திருந்தவரின் வரி. அடுத்தவருக்குப் பரிசாகக் கொடுக்கிற ஆசிரியர் அப்படி எழுதமாட்டார். இந்த எப்ஸ்டைன் வேறொரு எப்ஸ்டைன். அந்த ஊரில் அந்தப் பெயர் நம் ஊர் முத்துசாமி மாதிரி.

கடைக்குத் திரும்பிப் போனேன். பணம் திரும்பி வரவில்லை. ரசீதில் புத்தகப் பெயரும் தொகையும் மட்டும்தான் இருந்தன. அன்றிலிருந்து ஒன்றைக் கறாராகக் கடைப்பிடிக்கிறேன். கையொப்பத்துக்காகக் கூடுதல் பணம் கேட்கிறார்கள் என்றால், 'ஆசிரியர் கையொப்பமிட்ட பிரதி, இத்தனையாவது பதிப்பு' என்று ரசீதில் எழுதித் தரச் சொல்வேன். எழுதத் தயங்கினால் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவேன்.

நான் மதுரையில் இறையியல் படித்தவன். எபிரெயம் எங்களுக்குப் பாடமாக இருந்தது. பழைய ஏற்பாட்டை மூலத்தில் வாசிக்கிற அளவுக்குத் தெரியும். மேற்படிப்புக்கு எருசலேம் போய் மூன்று ஆண்டுகள் இருந்தபோதுதான் அதற்கு அப்பால் மிஷ்னா, அதன் துணைத் தொகுப்பான தோசெஃப்தா, மிஷ்னாவை விவாதிக்கும் இரண்டு தல்மூத்கள், அவற்றின் மேல் ஆயிரம் ஆண்டுக்கு மேல் எழுதப்பட்ட உரைகள் என்று ரபீக்களின் எபிரெயம் விரிந்து கிடப்பது தெரிந்தது. அந்த நூல்களை நவீன முறையில் ஏடு ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. ரபீ ரபினோவிச் 1867 முதல் 1886 வரை மியூனிக்கில் ஓர் ஒப்பீட்டு நூலைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். 1342-ல் எழுதப்பட்ட தல்மூத் ஏட்டை அச்சுப் பிரதியோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்ட வேலை. எப்ஸ்டைனிடம் பயின்ற ஷாவுல் லீபர்மன் 1934-ல் எருசலேம் தல்மூத்துக்கு ஒரு தொகுதி உரை எழுதினார். பிறகு நியூயார்க் போய் 1955 முதல் தோசெஃப்தாவுக்கு எழுதிக்கொண்டே இருந்தார், 1983-ல் சாகும்வரை. இவர்கள் தொட்ட புத்தகம் ஒன்று என் அலமாரியில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் தொடக்கம்.

சரி, வருடக் கணக்குக்கு வருகிறேன். இதைக் கற்காமல் இந்தப் பக்கம் காலெடுத்து வைக்கக்கூடாது. எபிரெயப் புத்தகங்களில் ஆண்டு எழுத்துகளில்தான் இருக்கும். ஆயிரத்தை விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதுவார்கள். எழுத்துகளின் மதிப்பைக் கூட்டி 1240 சேர்த்தால் நம் ஆண்டு வரும். பழைய நூல்களில் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு வேத வசனத்தை முழுதாக அச்சிட்டு அதில் சில எழுத்துகளை மட்டும் பெரிதாகப் போட்டிருப்பார்கள். பெரிய எழுத்துகளை மட்டும் கூட்ட வேண்டும். பதினைந்துக்கு 10-ம் 5-ம் சேர்த்து எழுதமாட்டார்கள். அது இறைவனின் பெயராகிவிடும். பதினாறுக்கும் 10-ம் 6-ம் சேர்த்து எழுதினால் அந்தப் பெயரின் சாயல் வந்துவிடும். அதனால் 9-ம் 6-ம், 9-ம் 7-ம் எழுதுவார்கள். புதிதாக வருகிறவர்கள் இங்கே குழம்புவது சகஜம்.

இதில் இன்னொரு வழுக்கல் உண்டு. யூதப் புத்தாண்டு செப்டம்பர், அக்டோபரில் வருகிறது. அதனால் அந்த ஆண்டின் முதல் மாதங்கள் நம் கணக்கில் முந்தைய ஆண்டிலேயே விழும். எனக்குக் கிடைத்த ஒரு தோசெஃப்தா ஆய்வுநூலின் முதல் தாளில் தேதி என்று எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'நோவா பகுதி, 716.' அந்த வாரம் ஜெப ஆலயத்தில் நோவாவின் கதை வாசிக்கப்பட்டது என்று அர்த்தம். 716-ஓடு 1240-ஐக் கூட்டி 1956 என்று குறித்துக்கொண்டேன். தவறு. நோவாவின் பகுதி, கூடாரப் பண்டிகை முடிந்த கையோடு புதிதாகத் தொடங்கும் வாசிப்புச் சுற்றின் இரண்டாவது வாரத்திலேயே வாசிக்கப்பட்டுவிடும். அப்படியானால் அது 1955 அக்டோபர். புத்தகம் அச்சானதே 1955-ல்தான். நூல் வெளிவந்த சூட்டோடு கொடுத்த பிரதி என்பது அந்த ஒரு வரியில் இருந்தது. ஒரு வருடப் பிசகில் அதைத் தவறவிட்டிருப்பேன்.

இங்கே நான் கற்ற பெரிய விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் புத்தகக் கண்காட்சியில் எழுத்தாளர் உட்கார்ந்து வரிசையில் வருகிற எல்லோருக்கும் கையெழுத்துப் போடுவாரே, அது இந்த உலகத்தில் கிடையாது. தல்மூத் அறிஞர் ஒருவர் கையெழுத்திட்டால் அது அநேகமாக அவருக்குத் தெரிந்த ஒருவருக்குத்தான். ஆசிரியருக்கு, மாணவருக்கு, நண்பருக்கு, சில சமயம் தன்னைக் கடுமையாக மறுத்து எழுதியவருக்கு. ஆகவே 'யார் கையெழுத்து' என்று மட்டும் தேடுகிறவர் பாதியைத்தான் வாங்குகிறார். 'யாருக்கு எழுதிக் கொடுத்தார்' என்பதுதான் மீதி. பெறுநரின் பெயரைப் படித்து, அவர் யார், என்ன எழுதினார் என்று தேடிப் பிடித்துவிட்டால் புத்தகம் இரண்டு பேருக்கு நடுவில் நடந்த உரையாடலாகிவிடுகிறது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வயதான பழைய புத்தகக்காரர். தரைமட்டத்துக்குக் கீழே எட்டுப் படி இறங்கிப் போக வேண்டிய கடை. என்னை அவர் 'ஹோது' என்றுதான் கூப்பிடுவார். எபிரெயத்தில் இந்தியாவுக்கு அதுதான் பெயர். 'நன்றி செலுத்துங்கள்' என்பதற்கும் அதே சொல்தான். முதல் நாள் நான் கையொப்பப் புத்தகம் வேண்டும் என்று கேட்டதும் அவர் அலமாரிப் பக்கம் போகவில்லை. மேசைக்கடியிலிருந்து செருப்புப் பெட்டிகள் மூன்றை எடுத்து முன்னால் வைத்தார். உள்ளே நிறைய மெல்லிய தாள் கட்டுகள். ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளைத் தனியாக அச்சிட்டு ஆசிரியருக்குக் கொஞ்சம் பிரதிகள் கொடுப்பார்கள். அதற்கு 'தத்பீஸ்' என்று பெயர். அறிஞர்கள் அதைத்தான் ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுத்துக்கொள்வார்கள். ஒன்று 20 ஷெக்கல். ஏலத்தில் ஆயிரக்கணக்கில் போகிற பெயர்களே அந்தப் பெட்டியில் எப்போதாவது அகப்படும், ஏனென்றால் அட்டையில்லாத பதினாறு பக்கத்தை யாரும் மதிப்பதில்லை. கையில் பணம் குறைவாக இருப்பவர் தத்பீஸிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தப் பெட்டியில் நான் முதலில் எடுத்த தத்பீஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆசிரியர் அவ்வளவு பிரபலமானவர் இல்லை. மேல் மூலையில் பழுப்பேறிய கறுப்பு மையில் இரண்டு வரி. ஒன்பதாம் பக்கத்தில் அச்சில் 'தாலேத்' என்று இருந்த எழுத்தை அதே மையில் 'ரேஷ்' ஆக மாற்றியிருந்தார். தாலேத்துக்கு வலது பக்க மூலையில் சின்னதாக ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனையைப் பேனாவால் வளைத்து மூடிவிட்டார். அவ்வளவு சின்னத் திருத்தம். நம் பழைய ஏடுகளில் ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருந்து படிப்பவரைத் திண்டாட வைக்குமே, அதே தொல்லை அங்கே இந்த இரண்டு எழுத்துகளிடம். புத்தகக்காரர் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, "கையெழுத்தைப் பார்க்காதே ஹோது, இதைப் பார். கையெழுத்தை யார் வேண்டுமானாலும் போடலாம். இந்த எழுத்து தப்பு என்று எழுதியவனுக்குத்தான் தெரியும்" என்றார். அதே பக்கத்தின் ஓரத்தில், வேறு கையில், மங்கிய பென்சிலில் இரண்டே எழுத்து: த்ஸாதி, அயின். 'ஆராய வேண்டும்' என்பதன் சுருக்கம். பரிசாகப் பெற்றவர் ஒத்துக்கொள்ளவில்லை.

அதிலிருந்து ஆசிரியர் கையொப்பம் என்று சொல்லப்படுகிற எதைப் பார்த்தாலும் உள்ளே மைத்திருத்தம் இருக்கிறதா என்று முதலில் புரட்டுவேன். கடைசிப் பக்கத்தில் பிழைதிருத்தப் பட்டியல் அச்சாகியிருந்தால் அதோடு ஒப்பிடுவேன். பட்டியலில் இல்லாத பிழை கையால் திருத்தப்பட்டிருந்தால் என் நம்பிக்கை கூடும்.

கையெழுத்தைப் படிக்கக் கற்பது தனி உழைப்பு. அச்சில் வருகிற சதுர எழுத்து மட்டும் தெரிந்தவருக்கு ஐரோப்பிய யூதர்களின் சாய்வெழுத்து ஒன்றுமே புரியாது. பாக்தாத், மொராக்கோ பக்கத்து ரபீக்களின் கையோ இன்னொரு தினுசு, கையொப்பமே கொடி படர்ந்த மாதிரி சுற்றிச் சுற்றி இருக்கும். நான் ஆறு மாதம் தினமும் அரைமணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பழகினேன். படிப்பதைவிட எழுதிப் பழகினால்தான் கை பிடிபடுகிறது. எருசலேம் தேசிய நூலகத்தில் பல அறிஞர்களின் கடிதங்கள் இருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பெரிய தொகை கொடுக்கக்கூடாது. படத்துக்குக் கீழே அச்சிலேயே போட்ட கையொப்பத்தை அசல் என்று விற்பவர்களும் உண்டு. ஒளியைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் பேனா அழுந்திய தடமும் மை ஊறிய விளிம்பும் தெரியும். அச்சில் அவை இருக்காது.

பெயருக்குப் பின்னால் வருகிற சுருக்கெழுத்துகளையும் விடாமல் படிக்க வேண்டும். நம் கடிதங்களில் 'சிரஞ்சீவி' என்றால் ஆள் இருக்கிறார், 'காலஞ்சென்ற' என்றால் இல்லை. அதுபோல 'ஷ்லீத்தா' என்றால் உயிரோடு இருப்பவர், 'ஸல்' என்றால் மறைந்தவர். ஒருவர் 1940-லேயே இறந்திருக்க, 1950 தேதியிட்ட காணிக்கை வரியில் அவர் பெயருக்குப் பின்னால் 'ஷ்லீத்தா' இருந்தால் எங்கோ இடிக்கிறது.

முதல் பதிப்பு என்று கண்டுபிடிப்பதும் லேசு இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவின் யூத நூலகங்கள் அழிந்த பிறகு, பழைய நூல்களைப் புகைப்படம் எடுத்து அப்படியே மறு அச்சு செய்தார்கள். பல மறு அச்சுகளில் பழைய தலைப்புப் பக்கமே இருக்கும். ஐரோப்பாவின் வில்னா நகரம் என்றும் பழைய ஆண்டு என்றும் போட்டிருக்கும், ஆனால் தாள் எருசலேமில் பின்னால் அச்சானது. விரல் நுனியால் தாளின் பின்பக்கத்தைத் தடவுங்கள். ஈய எழுத்தில் அழுத்தி அச்சிட்ட தாளில் மிக லேசான மேடு தட்டும். புகைப்பட அச்சில் வழவழ என்று இருக்கும். சின்ன எழுத்துகளின் ஓரம் கொஞ்சம் உதிர்ந்தும் தெரியும். சந்தேகம் இருந்தால் 'ஹீப்ரூபுக்ஸ்' தளத்தில் 60,000-க்கு மேற்பட்ட நூல்களின் படங்கள் இலவசமாக இருக்கின்றன, ஒப்பிடலாம்.

பெயரே இல்லாமல் வந்த முதல் பதிப்புகளும் உண்டு. புறங்கூறுதலைப் பற்றி 1873-ல் வில்னாவில் வந்த 'ஹஃபெத்ஸ் ஹயிம்' ஆசிரியர் பெயர் இல்லாமல்தான் வந்தது. ரபீ கரேலித்ஸின் 'ஹஸோன் ஈஷ்' முதல் தொகுதியும் 1911-ல் அப்படித்தான். புத்தகத்தின் பெயரே பிறகு மனிதரின் பெயராகிவிட்டது. இப்படிப்பட்ட நூலில் தலைப்புப் பக்கத்தில் பளிச்சென்று ஆசிரியர் கையொப்பம் இருந்தால் நான் இரண்டு மடங்கு சந்தேகப்படுவேன்.

விருப்பப் பட்டியலைக் கடையில் காட்டலாமா? நான் காட்டினேன், அடுத்த வாரம் அதே புத்தகத்துக்கு விலை ஏறியிருந்தது. கபாலா என்னும் யூத மறைஞானத்தை ஆய்ந்த கெர்ஷோம் ஷோலம் 1937-ல் தன்னிடம் இல்லாத நூல்களின் பட்டியலையே அச்சிட்டு வெளியிட்டார். 'அலூ லெஷலோம்' என்று தலைப்பு. 'சமாதானத்தோடே ஏறிப் போங்கள்' என்றும் படிக்கலாம், 'ஷோலமிடம் ஏறி வாருங்கள்' என்றும் படிக்கலாம். அவருடைய நூலகம் இன்று தேசிய நூலகத்தில் தனிப் படிப்பறையாக இருக்கிறது. அவர் போன்ற பெரிய கைக்கு அது சரி. மாணவர்கள் பட்டியலைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். ஏலத்தில் போகிறவர்கள், சுத்தியல் விழுந்த விலையோடு ஏல நிறுவனத்தின் பங்கும் வரியும் சேரும் என்பதை மறக்க வேண்டாம். நான் கலந்துகொண்ட ஒரே ஏலத்தில் அது கால்பங்கு கூடுதலாக வந்து நின்றது.

இனிச் சொல்லப்போவது என்னை மிகவும் பாதித்தது. ஒரு நாள் கிடைத்த புத்தகத்தில் 1930-களில் எழுதிய காணிக்கை வரி இருந்தது. ஆசிரியர் போலந்தில் ஒரு சிற்றூர் ரபீக்கு எழுதிக் கொடுத்தது. உள்ளட்டையில் சிறிய அடையாளச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. நாஜிகள் கொள்ளையடித்த யூதப் புத்தகங்கள் போருக்குப் பிறகு பிராங்பர்ட் பக்கத்தில் ஓஃபன்பாக் என்ற ஊரில் அமெரிக்க ராணுவத்தின் கிடங்கில் குவிந்து கிடந்தன. உரியவர் இல்லாமல் போன லட்சக்கணக்கான நூல்களை ஒரு யூத அமைப்பு எடுத்து இஸ்ரேலுக்கும் அமெரிக்காவுக்கும் பிரித்துக் கொடுத்தது. அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் அதன் செயலாளராக இருந்தார். அந்த அமைப்பின் சீட்டுதான் அது. அன்றிரவு, நாஜிகள் கொன்ற யூதர்களுக்கான யாத் வஷேம் நினைவகத்தின் பெயர்ப் பட்டியலில் அந்த ரபீயின் பெயரைத் தேடினேன். ஊரும் பெயரும் பொருந்தின. அதற்குமேல் அந்தப் புத்தகத்தை என்னால் 'என் சேகரிப்பு' என்று சொல்ல முடியவில்லை. குடும்பத்தார் யாரும் பதிவு செய்திருக்கிறார்களா என்று பார்த்து, பதிவு செய்தவருக்கு என் ஆசிரியர் மூலம் கடிதம் எழுதினேன். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. புத்தகம் அங்கே போய்விட்டது. பழைய நூலகம் அல்லது சபையின் முத்திரை இருக்கிற எதையும் வாங்குமுன், அது எப்படி வெளியே வந்தது என்று கேளுங்கள். விற்றவருக்குத் தெரியாவிட்டால் நீங்களாவது தேடுங்கள்.

அந்தக் கடைகளில் ஒன்று எனக்கு முதல் நாளே வீட்டு நினைவைக் கொடுத்தது. புத்தகம் கை தவறிக் கீழே விழுந்தால் எடுத்து முத்தமிட்டு வைப்பார்கள். தரையில் வைக்கமாட்டார்கள், கவிழ்த்துப் போடமாட்டார்கள். கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவனுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. கிழிந்து பயன்படாமல் போனதைக் கூடக் குப்பையில் போடாமல் சேர்த்துவைத்துப் புதைப்பார்கள்.

மதுரைக்குத் திரும்பியபோது துணிமணியைக் குறைத்து 31 கிலோ புத்தகம் கொண்டுவந்தேன். இங்கே எதிரி ஈரமும் ராமபாணமும். 1950 வாக்கில் இஸ்ரேலில் அச்சான தாள்கள் தட்டுப்பாட்டுக் காலத்துத் தாள்கள், தொட்டால் உதிரும். அவற்றைச் சுவரை ஒட்டாத மர அலமாரியில், அமிலமில்லாத காகித உறையில் வைத்திருக்கிறேன். வசம்பைத் துணியில் முடிந்து தட்டு மூலைகளில் போடுகிறேன், தாளின்மேல் படக்கூடாது. கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் எடுத்து, நிழலில் காற்றாட வைத்து, பக்கம் பக்கமாகப் புரட்டுவேன்.

போன வருடம் இணையத்தில் ஒரு கட்டுத் தத்பீஸ் விற்பனைக்கு வந்தது. படத்தில் பார்த்ததும் தெரிந்துவிட்டது, செருப்புப் பெட்டியில் எனக்கு முதலில் கிடைத்த அதே கட்டுரை. தபால் செலவோடு வாங்கினேன். மேல் மூலையில் அதே கை, வேறொருவர் பெயர். ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பினேன். தாலேத்தின் முனை அதே மாதிரி வளைத்து மூடப்பட்டிருந்தது. ஓரத்தில், முதல் பிரதியில் பென்சில் இருந்த அதே இடத்துக்கு நேராக, இந்தப் பிரதியைப் பரிசாகப் பெற்றவரும் மையில் ஒரு கோடு போட்டிருக்கிறார். பக்கத்தில் தோசெஃப்தாவில் ஓர் அதிகாரத்தின் எண். இரண்டையும் மேசையில் அடுத்தடுத்து விரித்து வைத்திருக்கிறேன். அந்த அதிகாரத்துக்கு லீபர்மன் எழுதிய உரையைப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது.